செந்தாமரையும் செஞ்ஞாயிறும் ஒரு காற்புள்ளியும்



இலக்கிய நிகழ்ச்சியிலே ஒரு தமிழாசிரியன் பேச வருகிறான் என்றால், கம்பனைப் பற்றியோ பாரதியைப் பற்றியோ நம் மலையகத்து நாட்டார் பாடல்களைப் பற்றியோ பேசுவான் என்றுதான் எதிர்பார்ப்பீர்கள். நான் இன்று எடுத்துக்கொண்ட பொருள் அளவிலே மிகச் சிறியது. ஆங்கில வாக்கியத்தில் இடப்படும் காற்புள்ளி, பிள்ளைகள் 'கமா' என்று சொல்லும் அந்த வளைந்த கோடு, அதுதான் பொருள்.

"ஆங்கிலக் கமாவுக்கும் தமிழ் வாத்தியாருக்கும் என்ன சம்பந்தம்?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். தோட்டப்புறத்துப் பிள்ளைகள் படிக்கும் பாடசாலைகளில் ஆங்கில ஆசிரியர் இல்லாத தவணைகள் உண்டு. அந்தப் பாடவேளைகளில், கையில் வெண்கட்டி உள்ள எவரையும் வகுப்புக்கு அனுப்புவார்கள். அப்படிப் போனவர்களில் நானும் ஒருவன். போன இடத்தில் நான் கண்டது இதுதான்: நம் பிள்ளைகள் ஆங்கிலச் சொல்லை மனனம் செய்துவிடுகிறார்கள், காலங்காட்டும் வினையையும் ஓரளவு பிடித்துக்கொள்கிறார்கள், காற்புள்ளி வந்தவுடன் தடுமாறுகிறார்கள். க.பொ.த. சாதாரண தரப் பரீட்சையிலே காற்புள்ளிக்காகப் புள்ளியை இழக்கிறார்கள். இதற்குக் காரணம் ஆங்கிலம் அறியாமை என்று பலர் சொல்வார்கள். தமிழ் இலக்கணம் அவர்களுக்குத் தந்திருக்கும் ஒரு திறவுகோலை யாரும் எடுத்துக் கொடுக்காததே காரணம் என்று நான் சொல்லுகிறேன்.

முதலில் பெயரைக் கவனியுங்கள். நாம் இக்குறிகளுக்கு வைத்த பெயர் என்ன? காற்புள்ளி, அரைப்புள்ளி, முக்காற்புள்ளி, முற்றுப்புள்ளி. கால், அரை, முக்கால், முழுமை. இவை அளவுப் பெயர்கள். எவ்வளவு நேரம் நிறுத்த வேண்டும் என்று சொல்லும் பெயர்கள். காற்புள்ளிக்கு ஒரு மாத்திரை, அரைப்புள்ளிக்கு இரண்டு, முக்காற்புள்ளிக்கு மூன்று, முற்றுப்புள்ளிக்கு நான்கு என்று சின்ன வகுப்பிலே நாம் எல்லோரும் பாடமாக்கியிருக்கிறோம்.

ஆங்கிலத்து 'கமா' என்ற சொல்லோ கிரேக்கச் சொல். அதன் பொருள் 'வெட்டி எடுத்தது', நம் பேச்சில் சொன்னால் 'துண்டு'. கிறிஸ்துவுக்கு முன் ஏறத்தாழ 200 ஆம் ஆண்டளவில், அலெக்சாந்திரியா நகரத்துப் பெருநூலகத்தில் தலைவராக இருந்த பைசாந்தியத்து அரிஸ்தோபனிஸ் என்பவர், ஏடுகளை உரக்க வாசிப்போருக்கு உதவியாக, வரியின் மேலும் நடுவிலும் கீழுமாகப் புள்ளி வைக்கும் முறையொன்றை வகுத்தார். அந்தக் காலத்தில் அதுவும் மூச்சுக்கான குறிதான். 15 ஆம் நூற்றாண்டின் இறுதியில் வெனிஸ் நகரத்து அச்சாளர் ஆல்டஸ் மனூட்டியஸ் போன்றோரின் கையிலே அது இன்றைய வளைந்த வடிவத்தைப் பெற்றது. அச்சு வந்து, மக்கள் வாய்க்குள் வாசிக்கப் பழகிய பிறகு, குறியின் தொழிலும் மாறியது. மூச்சுக்காக நின்ற குறி, பொருளைப் பிரிக்கும் குறியாயிற்று. பெயரில் உள்ள 'துண்டு' என்ற கருத்தே வென்றது.

நம் நாட்டு நிலை வேறு. ஓலையிலே எழுத்தாணியால் எழுதினோம். புள்ளி குத்தினால் ஓலை துளைபடும் என்பதால் மெய்யெழுத்துக்கு உரிய புள்ளியைக்கூட விட்டுவிட்டு எழுதினார்கள். அப்படியிருக்கக் காற்புள்ளிக்கு எங்கே இடம்? உரைநடையிலே நிறுத்தக் குறிகளை ஒழுங்காகப் புகுத்தி வழக்கமாக்கியவர்களில் முதன்மையானவர் யாழ்ப்பாணத்து நல்லூர் ஆறுமுக நாவலர் அவர்கள். 1822 இல் பிறந்து 1879 இல் மறைந்த அப்பெரியார், இளமையிலே பேர்சிவல் பாதிரியாரோடு விவிலியத் தமிழ் மொழிபெயர்ப்பில் உழைத்தவர். ஆங்கில அச்சு நூல்களின் ஒழுங்கை அருகிருந்து கண்டவர். பின்னர் வண்ணார்பண்ணையில் அச்சகம் நிறுவித் தாம் பதிப்பித்த நூல்களில் அக்குறிகளைத் தமிழுக்கு உரியவையாக ஆக்கிக்கொண்டார்.

இங்கே ஒரு கேள்வி எழுகிறது. நாவலருக்கு முன் எத்தனையோ நூற்றாண்டுகள் காற்புள்ளி இல்லாமலே தமிழ் எழுதினோமே, பொருள் எப்படி விளங்கியது? சொல்லின் உறுப்புகளே அந்த வேலையைச் செய்தன. உம்மையும், வேற்றுமை உருபும், எச்சமும், முற்றும் வாக்கியத்தைக் கட்டிப் பிடித்திருந்தன. ஆங்கிலச் சொல்லுக்கு அத்தகைய உறுப்புகள் குறைவு. அங்கே சொல் நிற்கும் இடமும், இந்தச் சிறு குறியும்தான் கட்டு. ஆகவே, ஆங்கிலக் காற்புள்ளி மூச்சுக்கு உரிய குறி என்று பிள்ளைக்குச் சொல்லிக் கொடுப்பதை விட, நம் உருபும் எச்சமும் செய்யும் வேலையை அங்கே இந்தக் குறி செய்கிறது என்று சொல்லிக் கொடுத்தால் எளிதில் விளங்கும். இதுதான் என் பேச்சின் சாரம். இனி உதாரணங்களுக்கு வருகிறேன். வானொலியில் காற்புள்ளி காதுக்குக் கேட்காது என்பதால், குறி எங்கே வருகிறது என்பதையும் கூடவே சொல்லிச் செல்கிறேன்.

மூச்சை நம்பினால் என்ன பிழை வரும்? "மேல் மலையிலே கொழுந்து பறித்த பெண்கள் கீழே இறங்கி வந்தார்கள்" என்று ஒரு பிள்ளை ஆங்கிலத்தில் எழுத வேண்டும். "த விமன் வேர்க்கிங் ஒன் த அப்பர் ஹில்" என்று எழுதி முடித்ததும் மூச்சு வாங்குகிறது. உடனே ஒரு காற்புள்ளி. பிறகு "கேம் டவுன்" என்று முடிக்கிறது. ஆங்கிலத்திலே இது பிழை. 'பெண்கள்' எழுவாய், 'வந்தார்கள்' பயனிலை. எழுவாய் எத்தனை நீளமானாலும், அதையும் பயனிலையையும் ஒற்றைக் காற்புள்ளி கொண்டு பிரிக்கலாகாது. எழுவாய், பயனிலை என்ற இரண்டையும் ஆறாம் வகுப்பிலேயே படித்துவிட்ட பிள்ளைக்கு, இந்த விதியை ஒரு நிமிடத்தில் விளக்கிவிடலாம்.

அடுத்து எண்ணும்மை. "கொழுந்தும் விறகும் மரக்கறியும்" என்று நாம் சொல்லுகிறோம். ஒவ்வொரு பெயருக்கும் ஓர் உம். அந்தப் பழக்கத்திலே பிள்ளை ஆங்கிலத்திலும் "டீ அன்ட் மில்க் அன்ட் சுகர்" என்று எல்லாவற்றுக்கும் நடுவிலே 'அன்ட்' போடுகிறது. அங்கே இடையில் வரும் உம்மைகளுக்குப் பதிலாகக் காற்புள்ளி. கடைசிப் பெயருக்கு முன்னால் மட்டும் 'அன்ட்'. அந்தக் கடைசி 'அன்ட்'டுக்கு முன்னாலும் ஒரு காற்புள்ளி வேண்டுமா, வேண்டாமா என்பதில் ஆங்கிலம் எழுதுவோரிடையே இன்றும் வழக்கு உண்டு. "இதெல்லாம் பண்டிதர் சண்டை, நமக்கு எதற்கு?" என்று எண்ண வேண்டாம். அந்த ஒரு குறி இல்லாமையால் தொழிலாளரின் சம்பளம் நீதிமன்றம் ஏறிய கதை உண்டு.

அமெரிக்காவின் வடகிழக்கு மூலையிலே மெயின் என்றொரு மாநிலம். அங்கே வாரத்தில் 40 மணித்தியாலத்துக்கு மேல் வேலை செய்தவருக்கு ஒன்றரை மடங்கு ஓவர்டைம் கொடுக்க வேண்டும் என்பது சட்டம். ஆனால், கெட்டுப்போகக்கூடிய உணவுப் பொருள்கள் தொடர்பான சில வேலைகளுக்கு அச்சட்டம் விலக்கு அளித்திருந்தது. அந்த விலக்குப் பட்டியலில் தகரத்தில் அடைத்தல், பதனிடல், உறைய வைத்தல், உலர்த்தல், சந்தைப்படுத்தல், களஞ்சியப்படுத்தல் என்று வேலைகள் வரிசையாக வருகின்றன. நம் தேயிலைத் தொழிற்சாலையிலே வாட்டுதல், உலர்த்தல், சலித்தல், பொதிசெய்தல் என்று அடுக்குவோமே, அப்படித்தான். பட்டியலின் கடைசியிலே "பாக்கிங் ஃபோர் ஷிப்மன்ட் ஓர் டிஸ்ட்ரிபியூஷன்" என்று முடிகிறது. 'ஷிப்மன்ட்' என்ற சொல்லுக்குப் பின்னால் காற்புள்ளி இல்லை.

ஓக்ஹர்ஸ்ட் என்ற பால் நிறுவனத்தின் லொறிச் சாரதிகள் ஓவர்டைம் கேட்டார்கள். "விநியோகமும் விலக்கப்பட்ட வேலைதான், உங்களுக்கு இல்லை" என்றது நிறுவனம். "இல்லை, விலக்கப்பட்டது பொதிசெய்தல் மட்டுமே. அனுப்புவதற்காகப் பொதிசெய்தாலும், விநியோகத்துக்காகப் பொதிசெய்தாலும் விலக்கு. நாங்கள் பொதிசெய்வதில்லையே, வண்டியல்லவா ஓட்டுகிறோம்" என்றது சாரதிகள் தரப்பு. 2017 ஆம் ஆண்டு மேன்முறையீட்டு நீதிமன்றம், சட்டத்தின் சொற்கள் இரு பொருள் தருகின்றன, அவ்வாறாயின் தொழிலாளருக்குச் சார்பான பொருளையே கொள்ள வேண்டும் என்று தீர்த்தது. 2018 இல் 50 இலட்சம் டொலருக்கு வழக்கு இணக்கமாக முடிந்தது. அந்த மாநிலச் சட்டசபையும் பின்னர் அப்பட்டியலைத் திருத்தி, வேலைகளுக்கிடையே அரைப்புள்ளி இட்டு, ஐயத்துக்கு இடமில்லாமல் செய்தது.

இதே பட்டியலைத் தமிழில் எழுதிப் பாருங்கள். "அனுப்புவதற்காகவோ விநியோகத்துக்காகவோ பொதிசெய்தல்" என்று எழுதினால் சாரதிகள் சொன்ன பொருள். "அனுப்புவதற்காகப் பொதிசெய்தல் அல்லது விநியோகித்தல்" என்று எழுதினால் நிறுவனம் சொன்ன பொருள். இரண்டுக்கும் நடுவிலே நிற்க நம் மொழி இடம் கொடுக்காது. ஓகாரமும் நான்காம் வேற்றுமை உருபும் எழுதுகிறவனை இழுத்து ஒரு பக்கத்தில் நிறுத்திவிடும். ஆங்கிலத்திலே அந்தப் பொறுப்பு முழுவதையும் ஒரு சிறு கோடு சுமக்கிறது. அதன் பாரம் இப்பொழுது விளங்குகிறதல்லவா?

மூன்றாவது விளி. தொல்காப்பியர் காலத்திலிருந்தே அழைப்பதற்கு ஒரு தனி வேற்றுமை வைத்திருக்கிறோம். எட்டாம் வேற்றுமை. ஆங்கிலத்திலே அதற்கு உருபு இல்லை, காற்புள்ளிதான் உருபு. "டிட் யூ ஸீ டீச்சர்" என்று குறியில்லாமல் எழுதினால் "ஆசிரியரைக் கண்டீர்களா?" என்று மூன்றாம் ஆள் ஒருவரிடம் கேட்பதாகும். "டிட் யூ ஸீ" என்று எழுதி, காற்புள்ளி இட்டு, "டீச்சர்" என்று முடித்தால் "ஆசிரியரே, கண்டீர்களா?" என்று ஆசிரியரிடமே கேட்பதாகும். தமிழில் 'ஐ' என்ற இரண்டாம் வேற்றுமை உருபுக்கும் 'ஏ' என்ற விளி உருபுக்கும் உள்ள வேறுபாடு எவ்வளவோ, அவ்வளவு வேறுபாடு அங்கே காற்புள்ளி இருப்பதற்கும் இல்லாமைக்கும் உண்டு. விளி உருபு என்று பிள்ளைக்குச் சொல்லுங்கள். கடிதத்திலே 'டியர் சேர்' என்பதற்குப் பின்னால் ஏன் காற்புள்ளி போடுகிறோம் என்பதும் அப்பொழுதே விளங்கிவிடும்.

நான்காவது எச்சமும் முற்றும். "மழை வந்தது, வேலையை நிறுத்தினோம்" என்று தமிழில் எழுதினால் காது ஏற்றுக்கொள்கிறது. அதையே பிள்ளை "த ரெயின் கேம்" என்று எழுதி, காற்புள்ளி இட்டு, "வி ஸ்டொப்ட் வேர்க்" என்று தொடர்கிறது. ஆசிரியர் சிவப்பு மையால் சுழிக்கிறார். ஏன் சுழித்தார் என்பது பிள்ளைக்குத் தெரியாது. 'வந்தது' ஒரு வினைமுற்று, 'நிறுத்தினோம்' மற்றொரு வினைமுற்று. இரண்டு முற்றுகளை ஆங்கிலத்தில் வெறும் காற்புள்ளி சேர்க்க மாட்டாது. முற்றுப்புள்ளியோ அரைப்புள்ளியோ இட வேண்டும். இல்லையேல் 'அன்ட்', 'சோ' என்பன போன்ற இணைப்புச் சொல்லைக் காற்புள்ளியோடு கூட்ட வேண்டும். அல்லது முதல் முற்றை எச்சம் போல ஆக்கிவிட வேண்டும். "மழை வந்தபோது வேலையை நிறுத்தினோம்." இப்பொழுது "வென் த ரெயின் கேம்" என்று தொடங்கி, காற்புள்ளி இட்டு, "வி ஸ்டொப்ட் வேர்க்" என்று முடித்தால் வாக்கியம் சரி. எச்சம் போன்ற பகுதி முன்னால் வந்தால் அதன் பின் காற்புள்ளி. அதுவே வாக்கியத்தின் பின்பகுதிக்குப் போய்விட்டால் பெரும்பாலும் குறி தேவையில்லை. தமிழில் எச்சம் முன்னால் வருவதே இயல்பு. ஆதலால் நம் பிள்ளைகள் எழுதும் ஆங்கிலத்திலும் அது முன்னால்தான் வரும். அவர்களுக்கு இந்த விதி மற்றவர்களை விட அதிகம் தேவை.

இனி, இப்பேச்சுக்குத் தலைப்புத் தந்த இடத்துக்கு வருகிறேன்.

ஓய்வு பெற்ற தோட்டத் தொழிலாளியான ஒரு தாய், உதவிப்பணம் கேட்டு ஓர் அலுவலகத்துக்குக் கடிதம் கொடுத்தார். அக்கடிதம் ஆங்கிலத்தில் இருந்தது. தமிழிலேயே எழுதும் உரிமையை 1988 ஆம் ஆண்டின் பதினாறாவது அரசியலமைப்புத் திருத்தம் நமக்குத் தந்திருக்கிறது. ஆயினும், ஆங்கிலத்தில் எழுதினால் அலுவல் கெதியாக முடியும் என்ற எண்ணம் நம்மவரை இன்னும் விட்டபாடில்லை. பக்கத்து லயத்துப் பத்தாம் வகுப்புப் பையன் எழுதிக் கொடுத்தான். கொழும்பில் இருக்கும் மகன் பணம் அனுப்புவதில்லை என்பது அதில் ஒரு வாக்கியம். "மை சன் ஹூ இஸ் இன் கொலம்போ டஸ் நொட் சென்ட் மணி" என்று குறியே இல்லாமல் எழுதியிருந்தான். அலுவலகத்தில், "மற்ற மகன்மார் எங்கே? அவர்களுடைய விபரத்தையும் கொண்டு வாருங்கள்" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அந்த அம்மா கடிதத்தோடு என்னிடம் வந்தார். "எனக்கு ஒரே ஒரு மவன்தான் சேர். வேற மவன் எங்கன்னு கேக்குறாங்களே, நான் யாரக் காட்டுவேன்?" என்றார். அவருக்குப் போனது ஒரு முழு நாளும் பஸ் காசும்.

அலுவலகத்தில் இருந்தவர் வாசித்த முறை ஆங்கில இலக்கணப்படி சரியானதே. குறியில்லாத அந்த வாக்கியம், "மகன்மார் பலர், அவர்களுள் கொழும்பில் இருப்பவன் அனுப்புவதில்லை" என்று பொருள்படும். 'சன்' என்பதற்குப் பின்னால் ஒன்றும், 'கொலம்போ' என்பதற்குப் பின்னால் ஒன்றுமாக இரண்டு காற்புள்ளி இட்டிருந்தால், "எனக்கு உள்ளவன் ஒரே மகன், அவன் கொழும்பில் இருக்கிறான், பணம் அனுப்புவதில்லை" என்று பொருள்படும். இரண்டு வளைந்த கோடுகளிலே ஒரு குடும்பத்தின் பிள்ளைத் தொகையே மாறிவிடுகிறது.

இந்த நுட்பத்தைப் பிள்ளைக்கு எப்படி விளக்குவது? ஆங்கில இலக்கண நூல்கள் இதற்கு நீண்ட பெயர்கள் சொல்லும். நமக்கு அவை தேவையில்லை. பவணந்தி முனிவரின் நன்னூல் கற்ற எவரும் இனமுள்ள அடைமொழி, இனமில்லா அடைமொழி என்ற இரண்டையும் அறிவர். செந்தாமரை என்கிறோம். ஏன் 'செம்மை' என்ற அடை? வெண்தாமரையும் உண்டு, அதிலிருந்து பிரித்துக் காட்டுவதற்காக. அது இனமுள்ள அடை. செஞ்ஞாயிறு என்கிறோம். ஏன்? கருஞாயிறு ஒன்று இருக்கிறதா, அதிலிருந்து பிரிப்பதற்கு? இல்லை. ஞாயிறு ஒன்றே. அதன் நிறத்தை எடுத்துச் சொல்லுகிறோம், அவ்வளவே. அது இனமில்லா அடை.

ஆங்கிலக் காற்புள்ளியின் விதி இதுதான், நேயர்களே. இனமுள்ள அடைக்குக் காற்புள்ளி இல்லை. இனமில்லா அடைக்கு முன்னும் பின்னும் காற்புள்ளி உண்டு. "உயரத்தில் உள்ள தோட்டங்களில் நல்ல தேயிலை விளையும்" என்று எழுதும்போது, தாழ்ந்த இடத்துத் தோட்டங்களும் உள்ளன, அவற்றிலிருந்து பிரிக்கிறோம். அது செந்தாமரை, குறி வேண்டாம். "குளிர் மிகுந்த நுவரெலியாவில் நல்ல தேயிலை விளையும்" என்று எழுதும்போது, குளிர் இல்லாத வேறொரு நுவரெலியா இல்லை. அது செஞ்ஞாயிறு, "விச் இஸ் கோல்ட்" என்ற தொடரை இரு பக்கமும் காற்புள்ளியால் வேலி கட்ட வேண்டும். வேலி என்றால் இரு பக்கமும் வேண்டும். ஒரு பக்கம் மட்டும் கட்டிவிட்டு மறு பக்கத்தைத் திறந்து விடுவதுதான் பிள்ளைகள் அதிகம் செய்யும் பிழை. வேலிக்குள் இருப்பதை எடுத்துவிட்டு வாசித்துப் பார்க்கச் சொல்லுங்கள். மிச்ச வாக்கியம் தன் பொருளோடு நின்றால் வேலி சரியான இடத்தில் இருக்கிறது.

"இனம் உண்டா?" என்ற ஒரே கேள்வி போதும். அந்தத் தாய்க்கு வேறு மகன் உண்டா? இல்லை. அப்படியானால் அது செஞ்ஞாயிறு. கடிதம் எழுதிக் கொடுத்த பையனுக்கு இதைச் சொன்னேன். நன்னூல் பாடத்தில் ஏற்கெனவே படித்த உதாரணம்தான். "இது தமிழ்ப் பாடத்தில் வந்ததல்லவா, சேர்?" என்று கேட்டான். ஆம், தமிழ்ப் பாடத்தில் வந்ததுதான். பாடவேளை மாறியவுடன் அறிவையும் மாற்றி வைக்க வேண்டும் என்று நாம்தான் பிள்ளைகளைப் பழக்கிவிட்டோம்.

இங்கே தமிழின் பெருமையை மட்டும் பேசிவிட்டுப் போவது நேர்மையாகாது. 'கொழும்பில் இருக்கும் என் மகன்' என்று நாம் எழுதும்போது, மகன் ஒருவனா பலருள் ஒருவனா என்பது நம் பெயரெச்சத்திலும் தெரிவதில்லை. இலக்கணத்தில் வேறுபாட்டைக் கண்டு பெயரும் வைத்தோம். எழுத்தில் காட்டக் குறி வைக்கவில்லை. ஆங்கிலம் குறி வைத்தது. ஒரு மொழியைக் கொண்டு இன்னொன்றைப் படித்தால், இரண்டின் நிறையும் குறையும் தெரியவரும்.

இரு மொழியில் வாசிப்பதன் பயனுக்கு இன்னுமொரு வழக்கைச் சொல்லலாம். கனடாவிலே ரொஜர்ஸ், அலையன்ட் என்ற இரு தொலைத்தொடர்பு நிறுவனங்களுக்கிடையே, கம்பி கட்டும் கம்பங்களைப் பயன்படுத்துவது பற்றிய ஒப்பந்தம் 2002 இல் ஏற்பட்டது. ஐந்து ஆண்டுகளுக்குச் செல்லும், பின்னர் ஐந்தைந்து ஆண்டுகளாக நீடிக்கும், ஓராண்டு முன்னறிவித்தல் கொடுத்து முடிக்கலாம் என்பது அதன் ஒரு வாசகம். முன்னறிவித்தல் கொடுத்து முதல் ஐந்து ஆண்டுக்குள்ளேயே முடிக்கலாமா, நீடித்த பின்னர்தான் முடிக்கலாமா என்பது பிணக்கு. 2006 இல் கனடாவின் ஒழுங்குமுறை ஆணைக்குழு, வாசகத்தில் இருந்த இரண்டாவது காற்புள்ளியைக் காட்டி, முதல் ஐந்து ஆண்டுக்குள்ளும் முடிக்கலாம் என்றது. பிரெஞ்சு மொழியில் இருந்த அதே ஒப்பந்தத்தை எடுத்துப் பார்த்தார்கள். அங்கே ஐயத்துக்கே இடமில்லை. 2007 இல் ஆணைக்குழு தன் முடிவை மாற்றியது. ஆங்கிலத்தின் காற்புள்ளி கட்டிய முடிச்சைப் பிரெஞ்சு இலக்கணம் அவிழ்த்தது.

நம் நாட்டிலும் சட்டங்கள் மும்மொழியில் வருகின்றன. சிங்கள உரைக்கும் தமிழ் உரைக்கும் முரண்பாடு ஏற்பட்டால் சிங்கள உரையே மேலோங்கும் என்ற பிரிவு அவற்றின் இறுதியில் வழக்கமாக இருக்கும். ஆதலால் மூன்று உரைகளையும் பக்கத்தில் வைத்து, உம்மைக்கு உம்மை, குறிக்குக் குறி ஒப்பிட்டு வாசிக்கத் தெரிந்தவர்கள் நம் மத்தியிலே உருவாக வேண்டும். 2021 மார்ச்சில் நாட்சம்பளம் ஆயிரம் ரூபா என்று வர்த்தமானியில் வந்தபோது, அது 900 ரூபாச் சம்பளமும் 100 ரூபாக் கொடுப்பனவும் சேர்ந்த ஆயிரம் என்பதைத் தோட்டத்து மக்கள் நன்றாகக் கவனித்தார்கள். 'உட்பட' என்பதற்கும் 'தவிர' என்பதற்கும் உள்ள தூரம் அவர்களுக்கு அடுப்படி வரையில் தெரியும். அந்தக் கூர்மையான கவனம் வீட்டிலே இருக்கிறது. அதைப் பிள்ளையின் எழுத்துக்குக் கொண்டு வருவதே நம் வேலை.

எழுத்து வாசிக்கத் தெரியாமையால் நம் முன்னோர் பட்டது கொஞ்சமல்ல. 'கமா' என்றால் துண்டு என்று சொன்னேன். மலையகத்தில் 'துண்டு' என்ற சொல்லுக்கு ஒரு வரலாறு உண்டு. இன்ன தொகைக் கடனை அடைத்தால் இந்த ஆட்களை விடுவிக்கிறேன் என்று துரை எழுதிக் கொடுக்கும் சீட்டுக்குத் துண்டு என்று பெயர். தன் பெயரில் எவ்வளவு கடன் எழுதப்பட்டிருக்கிறது என்பதைத் தானே வாசித்து அறியமாட்டாத தொழிலாளி, அந்தக் காகிதத்தின் பலத்தில் ஒரு தோட்டத்திலிருந்து இன்னொரு தோட்டத்துக்கு மாற்றப்பட்டான். கடன் அவனோடு வளர்ந்தது. 1921 ஆம் ஆண்டுச் சட்டம் அந்த முறையை ஒழித்தது.

அந்த மக்களிடமிருந்து ஆங்கிலத்தை ஆயுதமாக எடுத்தவர்களும் வந்தார்கள். மடகொம்பரைத் தோட்டத்தில் 1914 இல் பிறந்த சி. வி. வேலுப்பிள்ளை அவர்கள், 1947 இல் தலவாக்கலைத் தொகுதியிலிருந்து முதலாவது பாராளுமன்றத்துக்குத் தெரிவானவர். தம் மக்களின் வாழ்வை அவர் ஆங்கிலத்தில் கவிதையாக எழுதினார். தமிழறியாதாரும் அவர்கள் துயரத்தை அறிய அது வழி செய்தது. அந்நூலைச் சக்தீ பால ஐயா 'தேயிலைத் தோட்டத்திலே' என்று தமிழாக்கினார். ஆங்கிலத்துக்குப் போவதும் தமிழுக்குத் திரும்புவதும் மலையக இலக்கியத்துக்குப் புதியவை அல்ல. ஆங்கிலம் வேறொரு கூட்டத்தாரின் சொத்து என்று நம் பிள்ளைகள் ஒதுங்கி நிற்கக் காரணமில்லை.

ஆகையால் ஆங்கிலம் படிப்பிக்கும் நண்பர்களை வேண்டிக் கேட்கிறேன்: பிள்ளையின் கட்டுரையில் காற்புள்ளியைச் சிவப்பால் சுழிக்கும்போது, பக்கத்தில் 'எழுவாய்', 'எச்சம்', 'விளி', 'செஞ்ஞாயிறு' என்று ஒரு தமிழ்ச் சொல்லை எழுதிவிடுங்கள். தமிழ் படிப்பிக்கும் நண்பர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: அடைமொழிப் பாடத்தைப் பரீட்சைக்கான இரண்டு உதாரணங்களோடு முடித்துவிடாமல், ஓர் ஆங்கில வாக்கியத்தையும் கரும்பலகையில் எழுதிக் காட்டுங்கள். பெற்றோருக்காகக் கடிதம் எழுதிக் கொடுக்கும் பிள்ளைகள் லயத்துக்கு லயம் இருக்கிறார்கள். அவர்கள் எழுதும் வாக்கியத்தை நம்பி ஒருவர் பஸ் ஏறி நகரத்துக்குப் போகிறார். அந்த வாக்கியம் அவர் சொல்ல நினைத்ததையே சொல்ல வேண்டும். அதற்கு வேண்டிய இலக்கணத்தில் பெரும்பகுதி அந்தப் பிள்ளையின் தமிழ்ப் புத்தகத்தில் ஏற்கெனவே இருக்கிறது.